சோடா முடிந்துபோன வீடு

போன வாரம் என்னை வெள்ளைக்காரியாக நியமித்தார்கள்.

சிரிக்காதீர்கள். ஒரு கொமிட்டி கூடி, தீர்மானம் போட்டு, எல்லோரும் கைதட்டி நடந்த நியமனம் இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நான் மரக்கறிக்குப் பேரம் பேசுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். என் நிறம் உங்களுக்குத் தெரியும். எனக்குக் கிடைத்த கௌரவம் எவ்வளவு பெரியது என்பதும் விளங்கும்.

விஷயம் இதுதான். குண்டுச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நாளாகிறது. வானத்தைப் பார்க்காமல் தெருவில் நடக்கிறோம். கடைகளுக்குச் சவர்க்காரம் வந்துவிட்டது, பற்றரி வந்துவிட்டது, சோடா கூட வந்துவிட்டது. கிளாலிக் கடலைத் தாண்டி ஆட்களும் வருகிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும், யாழ்ப்பாணம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் எங்கே தங்குவது? ரவுணில் இருந்த லொட்ஜுகளில் பாதிக்குக் கூரை இல்லை. மிச்சத்துக்குக் கதவு இல்லை.

இந்த இடத்தில்தான் சிவபாதம் அண்ணை வருகிறார்.

வல்வெட்டித்துறையைத் தாண்டிக் கரையோரமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் அவருடைய ஊர். ஒரு பக்கம் வெங்காயமும் புகையிலையும். மறுபக்கம் கடல். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன் — காரணம் போகப் போகத் தெரியும். சிவபாதம் அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். ஊர் வாசிகசாலையின் தலைவர். அவருடைய தோட்டத்தில் வெங்காயம் எப்படி விளையுமோ, அப்படியே தலைக்குள் யோசனைகளும் விளையும்.

இந்த முறை விளைந்த யோசனை இது. வருகிறவர்களை ஊர் வீடுகளில் தங்கவைப்போம். எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடட்டும். மண்ணெண்ணெய் இல்லாமல் பம்ப் நின்றுபோக, கிணற்றுக்குத் திரும்பி வந்த துலாவைப் பார்க்கட்டும். கடலில் குளிக்கட்டும். அவர்கள் தருவதில் வீட்டுக்கும் பங்கு, வாசிகசாலைக்கும் பங்கு. வாசிகசாலைக்குக் கூரை போடலாம்.

கெட்டிக்கார யோசனைதானே? ஒரு தொண்டு நிறுவனம் முதல் நாலு பேரை அனுப்புவதாகச் சொல்லியும் விட்டது. சிவபாதம் அண்ணை சைக்கிளில் என்னிடம் ஓடி வந்தார்.

"நாடகத்துக்கே ஒத்திகை பாக்கிறம் ரீச்சர். இதுக்கு வேண்டாமோ? நீங்கள் வந்து ஒரு கிழமை வெள்ளைக்காரி மாதிரி நில்லுங்கோ. பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

"ஊரிலை ஆக்கள் இல்லாமல் என்னட்டை ஏன் வந்தனீங்கள்?"

"குறை சொல்லுறதிலை உங்களை விட்டா வேறை ஆர் இருக்கினம்?"

இப்படி வாயாரப் புகழ்ந்த பிறகு மறுக்க முடியுமா? ரியூட்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டேன்.

சிவபாதம் அண்ணை இந்தத் திட்டத்துக்கு ஒரு விதியும் வைத்திருந்தார். தலைவர் நேரில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து 'சரி' என்று சொன்ன வீட்டில்தான் விருந்தாளிகளை விடலாம். அவர் சாப்பாட்டுப் பிரியர். இந்த விதியை ஏன் வைத்தார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் போவதற்கு முன்னமே தோட்டப் பக்கமான மேல்தெருவில் நாலு வீட்டில் விதியைச் சந்தோஷமாக நிறைவேற்றி முடித்திருந்தார். ஒரு வீட்டில் இரண்டு தரம்.

முதலில் அவருடைய வீட்டிலேயே தங்கினேன்.

காலையில் புட்டு வந்தது. கூடவே ஒரு முள்ளுக்கரண்டி வந்தது. புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? குத்தினால் உதிரும். அள்ளினால் இடைவெளியால் ஒழுகும். நான் பாடுபட்டுக்கொண்டிருக்க, சிவபாதம் அண்ணை, அவருடைய மனைவி, மனைவியின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. ஒருவரும் சாப்பிடவில்லை.

"நீங்களும் இருந்து சாப்பிடுங்கோவன்."

"சேச்சே... விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் நாங்கள்."

"காணும், காணும், போதும்" என்று நான் கத்தக் கத்தத் தட்டில் புட்டு விழுந்துகொண்டே இருந்தது. நாங்கள் விருந்தாளிக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் விருந்தாளியோடு மல்லுக்கட்டுகிறோம். விருந்தாளி 'காணும்' என்று சொல்ல வேண்டும், அது காதில் விழாத மாதிரி நாங்கள் போட வேண்டும், கடைசியில் விருந்தாளி தோற்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு இந்த விளையாட்டின் விதி தெரியாது. அவர்கள் காணும் என்றால், காணும்தான்.

இதை எடுத்துச் சொன்னேன். சிவபாதம் அண்ணை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையோடு ஒரு கதிரையைக் காட்டினார். நல்ல தேக்கங் கதிரை. நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டியிருந்தது.

"அவைக்குக் குந்தி இருக்க ஏலாதாம். மேசனைக் கொண்டு கட்டிறதெண்டாச் சீமெந்து இல்லை. அதுதான்... நீங்களும் ஒருக்கா இருந்து பாத்துச் சொன்னியளெண்டா..."

மரியாதையாக மறுத்துவிட்டேன். வெள்ளைக்காரியாக நடிப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளைமீன் குழம்பு. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம். என் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுற்றி நிற்க வேண்டாம். முள்ளுக்கரண்டி வேண்டாம். 'உங்களுக்கு எத்தனை வயசு, ஏன் கலியாணம் கட்டேல்லை' என்று முதல் நாளே கேட்க வேண்டாம். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக ஒன்று சொன்னேன். வருகிறவர்கள் கடலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நீங்கள் தெரிவு செய்த வீடு ஒன்றிலிருந்தும் கடல் தெரியவில்லையே?

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் நின்ற பெண்ணைக் கவனித்தேன். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் றோசலின். ஐம்பது வயதிருக்கும். கரைத்தெருவில் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் பிடித்து வருவதை றோசலின் அக்கா கூடையில் கொண்டுவந்து மேல்தெருவில் விற்பார். ஞாயிற்றுக்கிழமை நான் நக்கிச் சாப்பிட்ட விளைமீனும் அந்தக் கூடையில்தான் வந்தது.

"அண்ணை, எங்கடை வீட்டிலையும் ஒரு அறை சும்மா கிடக்கு. மகள் கலியாணம் முடிச்சு மன்னாருக்குப் போட்டாள். அறையிலை நிண்டு பாத்தாக் கடல் தெரியும். ரெண்டு பேரை எங்களிட்டையும் விடுங்கோவன்."

பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தவர் புரட்டுவதை நிறுத்தினார்.

"உங்களுக்கேன் அக்கா வீண் கரைச்சல்?" என்றார் சிவபாதம் அண்ணை.

யாழ்ப்பாணத்தில் 'இல்லை' என்று சொல்வதற்கு இதைவிட மரியாதையான வசனம் கிடையாது. எங்கள் கையை உங்கள் தோளில் போட்டு, அன்பாக உங்களை வெளியே தள்ளும் வசனம் இது.

"எனக்கொரு கரைச்சலும் இல்லை அண்ணை."

"இல்லை... அங்கை கடல் காத்து. வாறவைக்கு ஒத்துக்கொள்ளுதோ தெரியாது."

"கடல் பாக்க வாறவைக்குக் கடல் காத்து ஒத்துக்கொள்ளாதோ?"

நான் இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தேன். றோசலின் அக்கா விடவில்லை.

"விதி எனக்கும் தெரியும். தலைவர் வந்து சாப்பிட்டுப் பாத்துச் சரி சொல்ல வேணும். வாங்கோ. எப்ப வாறியள்?"

சிவபாதம் அண்ணை கூரை இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்வை என் மேல் வந்து நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம்.

"முதல்லை ரீச்சர் வந்து பாக்கட்டும். நாங்கள் பேந்து பாப்பம்."

சாதி என்ற சொல்லை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லச் சிலருக்குப் பயம், சிலருக்கு வெட்கம். நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கடல்காற்று, கரைச்சல், பேந்து பார்ப்போம் என்று எல்லாம் பேசினார்களே, அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊர் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, பார்த்தீர்களா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரைத்தெருவுக்குப் போனேன்.

சின்ன வீடு. சீமெந்து நிலம் இப்போதுதான் கழுவிய ஈரத்தோடு இருந்தது. சுவரில் மாதா படம். மகளின் அறையில் கட்டில், புது விரிப்பு, யன்னலுக்கு நேரே கடல். இவ்வளவு அழகான யன்னலை மேல்தெருவில் நான் காணவில்லை. முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தென்னை. மணல்.

மேசையில் ஒரு சோடாப் போத்தில். மூடி திறக்கப்படவில்லை. பக்கத்தில் மூடி திறக்கிற திறப்பான், எனக்குத் தெரியும்படி. அதற்குப் பக்கத்தில் ஒரு ரிபன் கரியர்.

ரிபன் கரியரைத் திறந்தார் றோசலின் அக்கா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அந்தக் கத்தரிக்காயை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் சிவபாதம் அண்ணை வீட்டில் சந்தித்திருந்தோம்.

"இது அங்கத்தைச் சமையலெல்லோ?"

"ஓம் ரீச்சர். அண்ணை வீட்டு அக்காட்டைச் சொல்லி எடுத்தனான். சுத்தச் சைவம், எங்கடை சட்டி படேல்லை. நீங்கள் யோசிக்காமல் சாப்பிடலாம்."

குசினிக்குள்ளிருந்து பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வதங்கும் வாசம் வந்தது. அதற்குள் இன்னொரு வாசமும்.

"உள்ளுக்கு என்ன மணக்குது?"

"அது எங்களுக்கு. சுறா வறை."

"அப்ப எனக்கு?"

"பகிடி விடாதேங்கோ ரீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நல்ல கோபம். வாசலில் நின்று, தலைவரையே மடக்கி, விருந்தாளியைக் கேட்டு வாங்கிய மனுசி. விருந்தாளி வீட்டுக்கு வந்ததும் தன் சட்டியை ஒளித்துவைத்துவிட்டு ஊராரின் கத்தரிக்காயை எடுத்து நீட்டுகிறார். இது என்ன கோலம்?

சோடாவைப் பார்த்ததும் கோபம் வேறு திசைக்குத் திரும்பியது. இந்தச் சோடாவைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், சில வீடுகளில் சிலர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தேத்தண்ணியும் குடிக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பவும் கூடாது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் சோடா. ஃபக்டரியில் அடைத்த போத்தில். கண் முன்னால் மூடி திறக்கிறது. வீட்டாரின் கை படவில்லை, கிணறு படவில்லை. குடித்தவருக்கும் குறை இல்லை, கொடுத்தவருக்கும் குறை இல்லை. சோடா இல்லாவிட்டால் இளநீர். கடவுளே அடைத்து மூடிய போத்தில்.

பொருட்களுக்குத் தடை இருந்த காலத்தில் கடையில் சோடா கிடையாது. அப்போது எப்படிச் சமாளித்தார்கள் என்று றோசலின் அக்காவிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை ரீச்சர். வேலியடியிலை நிண்டு கதைச்சிட்டுப் போடுவினம்."

சோடா திரும்பி வந்ததும் மனிதர்களும் படலையைத் திறந்துகொண்டு முற்றம்வரை வருகிறார்கள். அதனால்தான் றோசலின் அக்கா ஒரு பெட்டி சோடா வாங்கி வைத்திருந்தார்.

"கத்தரிக்காயைப் பின்னேரம் பாப்பம். சுறாவைக் கொண்டு வாங்கோ" என்றேன்.

"உண்மையாவோ? இல்லை, எனக்காகவோ?"

"எனக்காக."

சுறா வறை வந்தது. தேங்காய்ப்பூ உதிரி உதிரியாக, மஞ்சளும் மிளகுமாக, சோற்றோடு பிசைந்தால் விரல்களுக்கிடையில் நிற்கும் பதம். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். றோசலின் அக்காவும் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டார். அந்த ஊரில் என்னோடு இருந்து சாப்பிட்ட முதல் ஆள்.

உண்மையைச் சொன்னால், கை கழுவும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உடுவிலில், இந்த மேல்தெரு மாதிரி ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவள், பார்த்தீர்களா, எவ்வளவு பரந்த மனம்! இந்த வாரப் பத்தியைக்கூட மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

"நல்லாச் சாப்பிட்டியள். எனக்குச் சந்தோசம்" என்றார் றோசலின் அக்கா. "ஆனா நீங்கள் சாப்பிட்டது கணக்கிலை வராது."

"ஏனாம்?"

"நீங்கள் எழுதுறவ. எழுதுறவை எங்கையும் சாப்பிடுவினம்."

எழுத்தாளர் சங்கத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"நீங்கள் நாளைக்குச் சைக்கிளிலை ஏறித் திருநெல்வேலிக்குப் போயிடுவியள். சிவபாதம் அண்ணை நாளைக்கும் இஞ்சைதான் இருப்பார். நானும் இஞ்சைதான் இருப்பன். என்ரை ஊர் குருநகர். எங்கடை வீட்டிலை சாப்பாட்டு நேரம் படலையைத் திறந்த ஆள் சாப்பிடாமல் போனதில்லை. கலியாணம் கட்டி இஞ்சை வந்த நாள் தொட்டு, இந்த மேல்தெரு ஆக்கள் ஒருத்தர் என்ரை கையாலை ஒரு வாய் திண்டதில்லை. செத்த வீட்டுக்கு வந்தாலும் சோடா. கலியாணத்துக்கு வந்தாலும் சோடா. எனக்கு வெள்ளைக்காரர் வந்தென்ன, வராமல் விட்டென்ன? தலைவர் சாப்பிட்டுப் பாக்கவேணும் எண்டு விதி இருக்கெண்டு கேள்விப்பட்டன். அதுக்குத்தான் வந்து கேட்டனான்."

விளங்கிவிட்டது. வருமானத்துக்காகக் கேட்கிறார் என்றுதான் கொமிட்டி நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மிச்ச நாட்களை அங்கேயே கழிப்பது என்று முடிவெடுத்தேன். வெள்ளைக்காரியை யார் கேட்பது? மகளின் கட்டில் எனக்கு. சோடாப் பெட்டியை அந்தக் கட்டிலுக்குக் கீழேதான் தள்ளி வைத்திருந்தார்கள். புரண்டு படுத்தால் போத்தில்கள் கிலுங்கும்.

தலைவர் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வந்தது. இன்றைக்கு விரதம். இன்றைக்கு வயிற்றுக்குள் ஒரு குத்து. இன்றைக்கும் விரதம், வேறு சாமிக்கு. சைவ சமயத்தில் இத்தனை விரதம் இருப்பது எனக்கே அந்த வாரம்தான் தெரியவந்தது. நாலு வீட்டில் சாப்பிட்டபோது இந்தச் சாமிகளெல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் நேரே தோட்டத்துக்குப் போனேன். சிவபாதம் அண்ணை வெங்காயத்துக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எப்ப கரைக்கு வாறியள்?"

"சைவக்காரன் மச்சச் சட்டியிலை சாப்பிடாட்டிக் குற்றமே ரீச்சர்?"

"ஞாயிற்றுக்கிழமை உங்கடை வீட்டிலை சாப்பிட்ட விளைமீன் என்ன, வெங்காயத்துக்குள்ளை விளைஞ்சதோ?"

பச்சை மீனுக்குச் சாதி கிடையாது. கூடையிலிருந்து இறங்கி, இன்ன வீட்டுச் சட்டியில் ஏறிய பிறகுதான் பிறக்கிறது.

கொஞ்ச நேரம் புல்லுப் பிடுங்கினார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறியளோ? நான் அங்கை இருந்து சாப்பிட்டன் எண்டு வையுங்கோ. நாளைக்கே மேல்தெருவிலை ரெண்டு மூண்டு வீடு 'எங்களாலை ஏலாது தலைவர், வீட்டிலை வருத்தம், காய்ச்சல்' எண்டு சொல்லும். காரணம் சொல்லாயினம். திட்டம் அதோடை சரி. வாசிகசாலைக் கூரையும் சரி. வாறவை வேறை ஊருக்குப் போவினம்."

"அப்ப றோசலின் அக்கா?"

"பாத்துப் பாத்துத்தான் செய்ய வேணும் ரீச்சர்."

"எவ்வளவு காலம் பாப்பியள்? இந்த அமைதி எவ்வளவு காலத்துக்கு எண்டே தெரியாது."

அவர் கையில் புல்லோடு சேர்ந்து ஒரு வெங்காயமும் வந்துவிட்டது. அதைத் திரும்ப மண்ணில் ஊன்றினார். திட்டுவதற்காகப் போனவள் பாதிக் கோபத்தோடு திரும்பி வந்தேன். கெட்டவர்களோடு சண்டை போடுவது சுலபம். நல்லவர்கள் பயந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை. நான் புறப்படுகிற நாள். உச்சி வெயில். பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

சிவபாதம் அண்ணை! சாப்பிட வரவில்லை. வருகிற நாலு பேரும் எந்த இடத்தில் இறங்கிக் குளிக்கலாம் என்று கரையைப் பார்க்க வந்திருக்கிறார். மணலில் சைக்கிள் ஓடாது. உருட்டி உருட்டிக் களைத்துப்போய், சேட்டு முதுகோடு ஒட்டியிருக்க, முற்றத்தைத் தாண்டி விறாந்தைக் கதிரையில் வந்து விழுந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா... என்ன வெயில்! அக்கா, ஒரு சோடா உடையுங்கோ பாப்பம்."

றோசலின் அக்கா குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

"சோடா முடிஞ்சுபோச்சு அண்ணை."

அன்று காலையில்கூடக் கட்டிலில் புரண்டபோது போத்தில்கள் எனக்குக் கிலுங்கிக் காட்டியிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

"முடிஞ்சுபோச்சோ? அப்ப... ஒரு இளநீர்?"

"மரம் நிக்குது. ஏறுறவர் கடலுக்குப் போட்டார்."

சிவபாதம் அண்ணை தென்னையை அண்ணாந்து பார்த்தார். குலை குலையாக நின்றது. என்னைப் பார்த்தார். ஏறச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"தண்ணி இருக்கு" என்றார் றோசலின் அக்கா. "எங்கடை கிணத்துத் தண்ணி."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கொண்டுவரவில்லை. கேட்கட்டும் என்று நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. இவர் எழும்பி, 'பரவாயில்லை அக்கா, வீட்டை போய்க் குடிக்கிறன்' என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு றோசலின் அக்கா யாரிடம் என்ன கேட்பார்?

சிவபாதம் அண்ணை வேலியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"கொண்டு வாங்கோ" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

றோசலின் அக்காவுக்குக் கேட்டது. ஒரு கண்ணாடிக் கிளாசில் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணை வாங்கினார். கிளாசை உதட்டில் வைக்காமல் உயரத் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றினார். பாதி மீசையிலும் பாதி சேட்டிலும் போனது. ஆனாலும் குடித்தார். கடைசித் துளிவரை குடித்தார். குடித்த கிளாசை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். றோசலின் அக்கா கையை நீட்டினார். கையிலேயே கொடுத்தார்.

"நல்ல தண்ணி" என்றார் சிவபாதம் அண்ணை. "உப்பே இல்லை!"

"கடற்கரையிலை இருந்தாக் கிணறும் உப்பெண்டு நினைச்சியளோ?"

அவர் எழும்பிச் சைக்கிளைப் பிடித்தார். படலைவரை போய்த் திரும்பினார்.

"அறையிலை ரெண்டு பேர் படுக்க இடம் காணுமோ?"

"தாராளமாக் காணும்."

"அப்ப வாற நாலு பேரிலை ரெண்டு பேரை இஞ்சை விடுவம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவிடுமா?

"தலைவர் சாப்பிட்டுப் பாக்க வேணுமெண்டு விதி இருக்கெல்லோ?"

"அதுதான் இப்ப குடிச்சனே!" என்று எரிந்து விழுந்துவிட்டு, சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு போனார். மேல்தெருவில் இந்த வாரம் எத்தனை வீட்டுக்கு 'வருத்தம்' வந்ததோ தெரியாது. வந்தால் அவர்தான் முகம் கொடுக்க வேண்டும். அதை யோசித்துத்தான் குடித்திருப்பார் என்று நம்புகிறேன்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் உதடு படாமலா?

"பாத்தியளே அக்கா? அண்ணாந்துதானே குடிச்சவர்!"

றோசலின் அக்கா ஈரக் கிளாசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணாந்து குடிச்சாலென்ன ரீச்சர்... உள்ளுக்குத்தானே போனது!"